பத்து ரிங்கிட் நுரைக்குழாய்

"பத்து ரிங்கிட் நுரைக்குழாயைக் கார் சீட்டுறைக்குள்ள திணிச்சா பந்தயக் காராயிடுமா?" வாசலில் உட்கார்ந்தபடி கணவன் ஜுனைடியைச் சீண்டினாள் மர்லினா.

"வளைவுல உடம்பு சாயாம பிடிச்சுக்கும்," என்றான் அவன், மெத்தென்ற நுரைக்குழாய் திணித்த ஓட்டுநர் சீட்டின் இரு ஓரத்தையும் தட்டிப் பார்த்தபடி.

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு ஆமைகூட ஹாரன் அடிக்கும். நீங்க எங்க சாயப்போறீங்க?"

"நாளைக்குப் பெருநாளு. மலை மேல உங்கம்மா காத்திருப்பாங்க. கிளம்பு."

சாவியை அவள் மடியில் போட்டுவிட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான்.

"யாரு ஓட்டுறது?"

"நீதான். ஆட்டோமேட்டிக் காருக்கு வலது கால் போதும். வளைவுல ஊன்றிக்க இடது கால் இல்லைன்னுதானே ஒரு வருஷமா பயந்தே?"

மர்லினா எழுந்து காருக்கு வந்தாள். ஊன்றுகோலைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் சீட்டு அவளை அணைத்துப் பிடித்தது. ஜுனைடிதான் சாய்ந்தான்.

"உங்க சீட்டுக்கும் ஒண்ணு திணிச்சிருக்கலாம்ல!" என்று சிரித்தவளின் கண்கள் கலங்கியிருந்தன.