கொட்டகைக்குள் வந்த கச்சேரி

வல்லத்திராக்கோட்டை டூரிங் கொட்டகையில், பெண்கள் பக்க மணலில், முந்தானையைச் சுருட்டிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அற்புதமேரி உட்கார்ந்திருக்கிறாள். திரையில் கதாநாயகனின் தாய் சாகப்போகிறாள். போன வருஷம் இவளைப் பெற்ற ஆத்தா செத்தபோது, இவள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வராத அழுகை, முந்தாநாள் இதே கட்டத்தில் வயலின் இழுத்த இழுப்பில்தான் பொத்துக்கொண்டு வந்தது. அதற்காகவே இன்றும் வந்திருக்கிறாள். ஆனால் பக்கத்துப் பொட்டலில் திருவிழாவின் சினிமாப் பாட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது. மூங்கிலில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் கொட்டகையைப் பார்த்தபடி அலறுகிறது. ஏதோ ஒரு குறும்புப் பாட்டு, டோலக், கிளாரினெட், நடுநடுவே விசில். படத்து வயலின் எங்கேயோ அமுங்கிப்போகிறது. திரையில் தாய் வாயைத் திறந்து மூடுவது அந்தப் பாட்டைப் பாடுவதுபோலவே இருக்கிறது. மகன் தலையில் அடித்துக்கொள்கிற ஒவ்வொரு அடியும் டோலக்கோடு சேர்ந்து விழுகிறது. கொட்டகையே கொல்லென்று சிரிக்கிறது. "சிரிக்காதீங்கடி, ஒரு உசுரு போவுது!" என்று அற்புதமேரி சீறுகிறாள். "படந்தானேக்கா! அங்கிட்டுப் பாருங்க, கெழவி என்னமாப் பாடுது!" என்று பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி அவள் தோளிலேயே சாய்ந்து சிரிக்கிறாள். அற்புதமேரி கண்ணை இறுக்கி மூடி, அந்த வயலினை நினைவிலிருந்து இழுத்துப் பார்க்கிறாள். வருவதாயில்லை. கண்ணைத் திறக்கும்போது தாயின் தலை சாய்ந்துவிட்டிருக்கிறது. முந்தானை காய்ந்தே கிடக்கிறது. அப்போதுதான் பார்க்கிறாள், அவளுடைய கால் பெருவிரல் அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆத்திரத்தோடு அதைப் பிடித்து மணலுக்குள் அழுத்துகிறாள். உள்ளே போயும் அது நிற்கவில்லை.