பிரிஸ்கில்லாவின் விருந்தாளிகள்

“பிரிஸ்கில்லா, ஒன் விருந்தாளிங்க வந்துகினு கீறாங்க. டீய வையி!” வாசலிலிருந்து புருஷன் அருள்தாஸ் குரல் கொடுத்தான்.

அவள் எப்போதோ வைத்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரமானால் அந்தக் குடும்பம் வந்துவிடும். நேரம் தவறாமல் வருவதில் காஞ்சிபுரம் பஸ் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்து, கொஞ்ச காலம் எங்கோ முகாமில் இருந்துவிட்டு, இப்போதுதான் உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் குடியேறியவர்கள். அப்படி வருகிறவர்களுக்கு வீடு பார்ப்பது, அடுப்பு வாங்கித் தருவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் பிரிஸ்கில்லாவின் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் அதற்காக அவள் கழுத்தில் அடையாள அட்டை ஒன்றையும் மாட்டிவிட்டிருந்தது. குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுகிறாள் என்று அருள்தாஸ் கிண்டல் செய்வான்.

தவமலர், அவள் கணவன், நடுவில் சின்ன மகள். மூவரும் வழக்கம்போல் தலைவாரி, முகம் கழுவி, வாசலில் வரிசையாக நின்றார்கள். ரைஸ் மில்லிலிருந்து ஓடி வந்த அவசரத்தில் அவன் புருவத்தில் மட்டும் தவிடு மிச்சமிருந்தது.

“அட, உக்காருங்க. தெனம் தெனம் சொல்லணுமா?”

உட்கார்ந்தார்கள். கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். பிறகு தவமலர் எழுந்து, “அப்ப நாங்கள் போகலாமோ அக்கா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் பிரிஸ்கில்லா தினமும் உருகிப் போவாள். அவளிடம் விடை கேட்டுக்கொண்டு போக இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிரிஸ்கில்லாவின் வீடு காலனியில் இருக்கிறது. ஊர்த்தெருப் பெண்கள் ஏதாவது வேலையாக வந்தால் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டுப் போவார்கள். தண்ணீர் தரட்டுமா என்றால், இப்போதுதான் குடித்தோம் என்பார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்தவளுக்கு, எங்கிருந்தோ வந்த மூன்று பேர் தன் வீட்டு டம்ளரைத் தினமும் காலி செய்வது பெரிய சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் மழை கொட்டித் தீர்த்தது. அன்றைக்கும் வந்தார்கள். குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

“இந்த மயையில ஜொரத்தோட கொயந்தையத் தூக்கிக்கினு ஏம்மா வந்த? ஒரு நாள் வராங்காட்டி இன்னா?”

“அது சரிவராது, அக்கா” என்று சொல்லிவிட்டாள் தவமலர்.

“கூடப் பொறந்தவகூட இப்டி வர மாட்டாய்யா” என்று அன்று புருஷனிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பிரிஸ்கில்லா.

இன்று அவர்கள் கிளம்பும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

“தவமலரு, நாளைக்கு வராத. செங்கல்பட்டுல ட்ரெயினிங் கீது. நான் திரும்பறதுக்குள்ள இருட்டிப் பூடும்.”

தவமலர் கணவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்தது.

“அப்ப நாளைக்கு எங்களை ஆர் எண்ணுறது?” என்றான்.

“எண்றதா? இன்னாத்த?”

“எங்களைத்தான், அக்கா” என்றாள் தவமலர். “முகாமில பொழுதுபட்டால் எல்லாரையும் நிப்பாட்டி எண்ணுவினம். ஆள் குறைஞ்சால் பேரை வெட்டிப்போடுவினம். இஞ்ச அட்டை போட்ட ஆள் நீங்கள்தானே? அதுதான் உங்களிட்ட வந்து நிக்கிறம்.”

முகாமில் அப்படி உண்டென்று பிரிஸ்கில்லாவுக்கும் தெரியும். அது தன் வாசல்வரை வரும் என்றுதான் தெரியவில்லை. இத்தனை நாளும் அவள் எண்ணி வைத்தது டம்ளர்களை மட்டும்தான்.

அட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டினாள்.

“நான் ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. இங்க ஒங்கள யாரும் எண்ண மாட்டாங்க. பேரப் பதியப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவணும்னா நானே சொல்லிக் கூட்டிக்கினு போவேன். மத்தபடி தெனம் எங்கயும் வந்து நிக்க வேணாம். எங்கிட்டயும் வர வேணாம்.”

“மெய்யாவோ அக்கா?”

“சத்தியமா.”

தவமலரின் கணவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். மகளைத் தூக்கிக்கொண்டு மூவரும் நடந்தார்கள். போகலாமா என்று அன்றைக்கு அவர்கள் கேட்கவில்லை.

நல்லதைத்தான் சொன்னோம் என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். ஆனாலும் ட்ரெயினிங் முடிந்து வந்த மறுநாள் சாயங்காலம், கைப்பழக்கத்தில் ஐந்து டம்ளர் எடுத்து வைத்தாள். தெருவிளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை. அருள்தாஸ் கிண்டல் எதுவும் செய்யாமல், மூன்று டம்ளரை அவனே எடுத்து அலமாரியில் கவிழ்த்தான்.

“எம்மேல பாசம்னு நெனச்சேன் பாரு” என்றாள் அவள்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் கேட் சத்தம் கேட்டது. தவமலர்தான். புருஷனும் இல்லை, மகளும் இல்லை. தலைகூட வாரவில்லை, கையெல்லாம் மாவு.

“இன்னாம்மா, இந்நேரத்துல? எதுனா பேஜாரா?” என்று பதறி ஓடினாள் பிரிஸ்கில்லா.

உட்காரச் சொல்வதற்கு முன்பே தவமலர் அடுப்படிக்குள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ஒண்டுமில்லை அக்கா, சும்மாதான் வந்தனான். தேத்தண்ணி இருக்கோ?”