குளத்தங்கரைச் சட்டை

கொலைகாரன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் ஐயனாரைக் காட்டிவிடலாம். கதவை அடைக்கிற உடம்பு, காதுவரை மீசை, கரையில் பேசினால் நடுக்கடலில் கேட்கிற குரல். எப்படி இருக்கக் கூடாது என்று கேட்டால் சிவநாதன். விழிதியூர் விவசாயி. கொசு கடித்தால்கூட அடிக்க மாட்டார், ஊதி அனுப்பிவைப்பார். சிறைக் காவலர் ரஞ்சித்குமாரே அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு பேரும் ஆயுள் கைதிகள். இருவரும் காரைக்கால் பக்கம் என்பதால், பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று அன்று மதியம் ஐயனாரைச் சிவநாதனின் கொட்டடிக்கு மாற்றினார்கள்.

“நீங்க யாரைங்க போட்டீங்க?” என்ன குழம்பு என்று விசாரிப்பதுபோல ஐயனார் விசாரித்தார்.

“நான் யாரையும் போடல தம்பி. ஒரு சட்டையைப் போட்டேன்.”

சிவநாதன் தன் கதையைச் சொன்னார். திருநள்ளாறு போனாராம். நளன் குளத்தில் முழுகி, சனி தொலையட்டும் என்று உடம்பில் கிடந்த சட்டையை வழக்கப்படி அங்கேயே விட்டாராம். மாற்றுச் சட்டை கொண்டுபோக மறந்துவிட்டார். வெற்று மார்போடு பஸ் ஏற வெட்கப்பட்டு, கரையில் குவிந்து கிடந்த ஈரச் சட்டைகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் பின்சீட்டில் ஒரு போலீஸ்காரர். காலருக்கு அடியில் அலசியும் போகாத கறை. அருள்ராஜ் என்கிற மீனவரின் ரத்தம் என்று பரிசோதனையில் தெரிந்தது. அருள்ராஜைச் சிவநாதன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நீதிபதி நம்பவில்லை.

“சட்டைக்காரன் மட்டும் கெடச்சா நீங்க வீட்டுக்குப் போயிடலாம்யான்னு வக்கீலம்மா சொல்லுது. அவனை எங்க போய்த் தேடுவேன்?”

ஐயனாரின் மீசை ஆடியது. “வெள்ளைச் சட்டைங்களா? பாக்கெட்டுல தூண்டில் முள்ளு கிழிச்ச ஓட்டை இருக்குமே?”

“ஆமா...”

ஐயனார் தடாலென்று காலில் விழுந்தார். “அது என் சட்டைங்கய்யா! அந்த அருள்ராஜு என் வலையை அறுத்துப்புட்டான். துடுப்பால ஒண்ணு வெச்சேன், அவ்வளவுதான். சட்டையைக் கொளத்துல அலசிப் போட்டுட்டு வந்தேன். நீங்க வந்து எடுப்பீங்கன்னு கண்டேனா!”

சிவநாதன் அவரைத் தோளைப் பிடித்து எழுப்பினார். “கோர்ட்டுல சொல்லுவியா தம்பி?”

“சொல்லாம? எப்படியும் உள்ளதான் கெடக்கப் போறேன். பண்ணாத கொலைக்குக் கெடக்கறதுக்கு, பண்ணுன கொலைக்கே கெடந்துட்டுப் போறேன்.”

சிவநாதன் கம்பியைத் தட்டி ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டார். வக்கீல் சிவப்ரியாவுக்கு உடனே போன் போடச் சொன்னார். கண்முன்னால் வீடு தெரிந்தது. மனைவி கல்யாணசுந்தரி ஆற்றும் காபி தெரிந்தது. எந்த நிறச் சட்டையானாலும் சிவப்பு நூலில் பொத்தான் தைத்துவைக்கிற அவள் கைகூடத் தெரிந்தது. இனிமேல் அதற்காக அவளைத் திட்டக் கூடாது.

“ஆமா, பண்ணாத கொலைன்னியே, அது என்ன?”

“என் கூத்தும் அதேதாங்கய்யா! சட்டை இல்லாம எப்படி வர்றதுன்னு நானும் அந்தக் குவியல்லேருந்து ஒண்ணை எடுத்தேன். நீலக் கட்டம். பார்த்தா அதுலயும் ரத்தம்! வரிச்சிக்குடியில எவனோ சோமுவாம். மம்பட்டி வெட்டுல கெடந்தானாம். அந்த ஊர்ல நான் பஸ்ஸை விட்டு எறங்குனதுகூட இல்ல. ஒங்க வக்கீலம்மா ரெண்டு சட்டையையும் பக்கத்துல வெச்சுப் பேசட்டும். அந்த நீலச் சட்டைக்காரனையும் புடிச்சிடலாம். ரொம்ப சுளுவுங்க. பொத்தானெல்லாம் சிவப்பு நூலு.”

ரஞ்சித்குமார் ஓடிவந்தார். “ஐயா, வக்கீலம்மா லைன்ல இருக்காங்க. வாங்க, வாங்க!”

சிவநாதன் கழுத்தில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்தார்.

“வேணாம் சார். நான் வெளிய போறதுக்காக இந்தத் தம்பியை மாட்டிவிட மனசு வரல. இருந்துட்டுப் போறேன்.”

“இப்படியும் ஒரு மனுசனா!” ஐயனார் விம்மி விம்மி அழுதார். ரஞ்சித்குமாரும் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோமு மட்டும் வாய்க்காலை அடைக்காமல் இருந்திருந்தால், அந்த நீலக் கட்டச் சட்டையைச் சிவநாதன் இன்னும் ரெண்டு பொங்கலுக்குப் போட்டிருப்பார்.