பொத்தானுக்கு வந்த சிறுத்தை

பூங்காவின் சிறுத்தைகளுக்குக் மின் கழுத்துப்பட்டி போட்ட பிறகு, பார்க்க வருபவர்கள் யாரும் ஏமாந்து திரும்புவதில்லை. சஃபாரி ஜீப்பில் பொத்தானை அழுத்தினால் சிறுத்தை பாதைக்கு வந்து நிற்கும். விரலை எடுக்கும்வரை அதனால் திரும்பிப் போக முடியாது.

அன்று அருகில் இருந்தது குட்டி போட்ட தாய் ஒன்றுதான். ஓட்டுநர் பத்மசீலன் தயங்கினான்.

"குட்டியள் இன்னும் கண் திறக்கேல்லை அக்கா. விடுவமே?"

"இவருக்கு இன்னும் ஒரு மாசம்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், தம்பி. ஒருக்காக் கூப்பிடுங்கோ," என்றாள் பின்னாலிருந்த பெண். அவள் தோளில் சாய்ந்திருந்த கணவர் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மசீலன் அழுத்தினான். சிறுத்தை வந்து நின்றது. அவர் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே பத்து நிமிடம் அவன் விரலை எடுக்கவில்லை.

மாலையில் போய்ப் பார்த்தபோது பாறையிடுக்கில் குட்டிகள் இல்லை. மண்ணில் நரிகளின் தடங்கள் கிடந்தன. தாய் மட்டும் சுற்றிச் சுற்றி மோந்துகொண்டிருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது.

"அவர் போயிட்டார் தம்பி. கடைசிவரைக்கும் அந்தச் சிறுத்தையைப் பற்றித்தான் கதைச்சவர். அதின்ர குட்டியள் எப்பிடி இருக்குதுகள்?"

பத்மசீலன் பிறகு, "நல்லா வளருதுகள் அக்கா," என்று எழுதி அனுப்பினான்.