பக்கத்து இருக்கை

"என் முதல் மேட்சை அப்பா தோள்ல உக்காந்து பார்த்தேன்," என்றார் பக்கத்து இருக்கைத் தையல்காரர்.

"நான் மழையில நனைஞ்சுகிட்டே பார்த்தேன். ஒரு வாரம் காய்ச்சல்," என்றார் பின்வரிசை பஸ் டிரைவர். "உங்க முதல் மேட்ச் எப்படிம்மா?"

"இதுதான் முதல்," என்றாள் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த பெண் அலுப்புடன். "வீட்டுக்காரர் போன மாசம் தவறிட்டாரு. இது அவரோட சீசன் டிக்கெட், வருஷா வருஷம் இதே சீட்டுதான். கல்யாணமானதிலேர்ந்து ஒரு மேட்ச் விட்டதில்ல. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கோலையும் கதை கதையாச் சொல்வாரு. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்."

தையல்காரர் டிக்கெட்டை வாங்கி, சீட்டு எண்ணை இரண்டு தடவை பார்த்தார்.

"இருபது வருஷமா நாங்க இங்கதான் உக்கார்றோம்மா. இந்த சீட்டு காலியாவேதான் கிடக்கும். எங்க பையெல்லாம் இதுலதான் வைப்போம்."

அப்போது கோல் விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. அவள் மட்டும் எழாமல், டிக்கெட்டைத் திரும்ப வாங்கி எண்ணைப் பார்த்தாள்.