பழைய கிரில்

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவராமல், தன் காரின் முன்பக்கக் கிரில்லை வீட்டுக்கே வந்து மாற்றித் தரும்படி வக்கீல் தணிகாசலம் கூப்பிட்டபோதே மெக்கானிக் இருதயராஜுக்கு ஏதோ உறுத்தியது.

"நாய் குறுக்க வந்துடுச்சுப்பா," என்றார் அவர்.

பம்பரைத் தளர்த்தி, கிளிப்புகளை நெம்பி, உடைந்த கிரில்லைக் கழற்றினான். அதன் உள்பக்கம் ஒரு பச்சைத் துணி கிழிந்து சிக்கியிருந்தது. ஆஸ்பத்திரி ஆயாக்களின் மேல்சட்டைத் துணி. அதில் சிவப்பு நூலில் தைத்த பெயர். பன்னிரண்டு நாளுக்கு முன் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த அவன் மனைவியை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன கார் எதுவென்று போலீசுக்கே தெரியவில்லை.

"எந்த எடத்துல சார்?"

"பைபாஸ்ல. ஒரு நாய்க்கு இவ்ளோ விசாரணையா?"

"அந்த நாய்க்குப் பேரு ஆரோக்கியமேரி சார். என் சம்சாரம்."

வக்கீலின் முகம் வெளுத்தது. "தம்பி... உள்ள வா, உக்காந்து பேசலாம்."

இருதயராஜ் காரில் செருகியிருந்த சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போலீசுக்கு போன் செய்தான். பிறகு புதுக் கிரில்லை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, துணி சிக்கிய பழையதையே எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி மறுபடியும் மாட்டத் தொடங்கினான்.