வீட்டு நம்பர் 214

பூவார் ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலை காலி என்று கேள்விப்பட்டு ஜெயதாஸ் போய் நின்றார். வயது ஐம்பத்திரண்டு. துவைத்த சட்டை. பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து எழும்பி வருகிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"அட்ரஸ் எழுதுங்க அண்ணா. நான் நேர்ல வந்து பாப்பேன். முதலாளிக்க நிர்பந்தமாக்கும்" என்றான் மேனேஜர் மகேஷ்குமார்.

ஜெயதாஸ் விண்ணப்பத்தில் பழைய வாடகை வீட்டு நம்பர் 214ஐ எழுதிக் கொடுத்தார். மனைவி ஆனந்தபாயை சபைக் கல்லறையில் அடக்கி நாலு வருஷம். அவள் போன அடுத்த வருஷமே நாலுவழிச் சாலைக்காக அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். பொய் பிடிபட்டால் வேலை போச்சு.

மூன்றாம் நாள் மகேஷ்குமார் கூப்பிட்டு அனுப்பினான். வசவு வாங்கத் தயாராகப் போனவரிடம் யூனிஃபார்மை நீட்டினான்.

"சேச்சி நல்ல ஆளு கேட்டியளா! கட்டஞ்சாயா குடிக்காம விடல்ல."

"எந்தச் சேச்சி?"

"கொள்ளாம்! சொந்தப் பெண்டாட்டிய மறந்தாச்சா?"

அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வந்த விண்ணப்பத்தின் அடியில் ஆனந்தபாயின் கையெழுத்து இருந்தது. இடதுகைக்காரி, எழுத்து இடப்பக்கமே சாயும்.

ஜெயதாஸ் மெதுவாகக் கேட்டார்: "வேற என்ன சொன்னா?"

"நைட் டூட்டின்னு சொன்னேன். 'அப்போ டூட்டி முடிஞ்சு காலத்த வந்து உறங்கட்டும், பாய் விரிச்சு வைக்கேன்'னாங்க."

மறுநாள் காலை டூட்டி முடிந்து பஸ் ஏறினார்.

"எவிடேக்கா?" என்றார் கண்டக்டர்.

ஜெயதாஸ் தன் வீட்டு ஸ்டாப்பின் பெயரைச் சொன்னார்.